மல்லிகாவுக்கு எப்போது பிரசவம்?

வினோதினி மாசமாக இருக்கிறாள் என்ற செய்தியை நெல்லிக்குப்பத்தில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மளிகைக் கடைக்காரர், "அதான் மூணு வருஷமா இருக்கியேம்மா" என்று சொல்லிப் பருப்பை நிறுத்தார். ஆஸ்பத்திரி நர்ஸ்கூட, "டிவிக்கா, நெஜமாவா?" என்று கேட்ட பிறகுதான் சீட்டு எழுதினாள்.

ஊரைக் குறை சொல்ல முடியாது. 'கடைசி ஸ்டாப் சிதம்பரம்' தொடரின் மல்லிகா அவள்தான். நிறைமாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்காகக் கடலூரில் பஸ் ஏறுகிறாள். வாரம் ஒரு பகுதி என்று மூன்று வருடம் ஓடியும் சிதம்பரம் வரவில்லை. இருப்பதே நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். நடந்தே போயிருந்தால் இந்நேரம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கலாம்.

எல்லாம் சேனல் செய்த வேலை. சென்னையில் பணம் ஒதுக்கினால் பஸ் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். முதல் வருடம் தாராளமாக ஒதுக்கினார்கள், பஸ் குடிகாட்டைத் தாண்டியது. மறு வருடம் பாதியாகக் குறைத்தார்கள். இயக்குநர் கலைமணி டீசலுக்கு வழியில்லாமல் பஸ்ஸை ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து கதையில் கேட் திறக்கவே இல்லை. உள்ளே உட்கார்ந்தவர்கள் போட்ட சண்டையைத்தான் ஜனங்கள் விழுந்து விழுந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் பார்த்த அத்தனை பேருக்கும் பைத்தியம் பிடித்திருந்தது.

அதில் முதல் பைத்தியம் கொளஞ்சியம்மாள். ஊர்ப் பெண்களைத் திரட்டி, மண்டபம் பிடித்து, ஐந்து வகை சாதம் கிளறி மல்லிகாவுக்கு வளைகாப்பே நடத்திவிட்டாள். முதல் வளையலைப் போட்ட கையோடு, "கல்யாணம் ஆயிடுச்சா கண்ணு?" என்று விசாரித்து, மூன்றே மாதத்தில் தன் மகன் எழிலனுக்குக் கட்டியும் வைத்தாள். கழுத்தில் தாலி ஏறும் முன்பே கையில் வளைகாப்பு வளையல் ஏறியவள் இந்த ஜில்லாவில் வினோதினி ஒருத்திதான்.

வினை அங்கேதான் இருந்தது. இப்போது நிஜமாகவே ஏழாம் மாதம்.

"அத்த, எனக்கு எப்ப வளைகாப்பு?"

"ஒனக்குத்தான் போட்டாச்சே."

"அது மல்லிகாவுக்கு அத்த."

"கை ஒண்ணுதான? புள்ள பொறக்காம அந்த வளையலக் கழட்டக் கூடாது. அது பொறக்கட்டும், அப்பறம் இதுக்குப் போடுவம்."

வினோதினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரோ எழுதிய வயிற்றுக்கு ஊரே கூடி வாழ்த்துச் சொன்னது. தன் வயிற்றுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் கேட்டால் அது பேராசையா?

கலைமணியிடம் போய் நின்றாள். "சீக்கிரம் பெத்துடுறேன் சார், எழுதிடுங்க."

"சேனல்ல பணம் குடுத்தா அடுத்த வாரமே பெத்துடலாம்மா. சிதம்பரத்துல எறக்கணும்னா செலவு ஜாஸ்தி" என்றார் கலைமணி. நிஜ வயிறு ஏற ஏற, வேடத்துக்குக் கட்டும் தலையணையிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டே வந்த மனிதர் அவர். அந்தப் பஞ்சையும் பத்திரமாக வைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை சேனல் மேனேஜர் போன் செய்தார். இனிப் பணம் கிடையாது, தொடரை இத்தோடு நிறுத்துங்கள் என்றார். பஸ் ரயில்வே கேட்டிலேயே நின்றுவிடும், மல்லிகா காலத்துக்கும் கர்ப்பிணி. வினோதினி வளையல் கையை மடியில் போட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கொளஞ்சியம்மாள் உட்காரவில்லை. "நடுவழியில புள்ளத்தாச்சிய எறக்கி வுடுறானா அவன்?" என்று முந்தானையைச் செருகினாள். அந்த வாரமே சேனல் ஆபீசுக்குப் பார்சல்கள் போக ஆரம்பித்தன. பிரசவ லேகியம், பழைய வேட்டியில் கிழித்த குழந்தைத் துணி, நடைவண்டி. காடாம்புலியூரிலிருந்து ஒரு தேக்குத் தொட்டிலே போனது. பத்தாவது நாள் வாட்ச்மேனுக்கு உட்கார இடமில்லை.

மேனேஜர் மறுபடி போன் செய்தார். "நூறு வாரத்துக்கு முழுப் பணம் தர்றோம் கலைமணி. சிதம்பரம் எல்லையிலேர்ந்து லைவா ஒரு ஸ்பெஷல் பண்ணுங்க. ஆனா பஸ் ஊருக்குள்ள போகக் கூடாது, குழந்தையும் பிறக்கக் கூடாது. பிறந்துட்டா அப்புறம் யாரு பாப்பா?"

கொளஞ்சியம்மாள் தெருவுக்கே கேசரி கொடுத்தாள். வினோதினி நூறு வாரத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அதற்குள் தன் பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிடும்.

லைவ் அன்று சிதம்பரம் பெயர்ப் பலகைக்கு ஐம்பது அடி முன்னால் பஸ் நின்றது. சுற்றிலும் ஐந்நூறு பெண்கள். கண்டக்டராக நடிக்கும் லூர்துசாமி நிஜத்திலும் ரிடையரான கண்டக்டர். எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னார். "பஸ் பிரேக்டவுனுங்க. யாரும் எறங்காதீங்க."

வினோதினி பெயர்ப் பலகையைப் பார்த்தாள். கையிலிருந்த வளையலைப் பார்த்தாள். அடுத்த நொடி, "ஐயோ, அம்மா!" என்று ஒரு கத்து கத்தினாள்.

கலைமணி கேமராவுக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். அவள் இன்னும் பலமாகக் கத்தினாள். லூர்துசாமிக்கு முப்பது வருடப் பழக்கம் விடுமா? விசிலை ஊதி, "போலாம் ரைட்!" என்றுவிட்டார். டிரைவரும் பழக்கதோஷத்தில் வண்டியை எடுத்தார். பஸ் பலகையைத் தாண்டிப் போய் நின்றது. கூட்டம் ஓவென்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடியது.

கொளஞ்சியம்மாள் படியேறினாள். "ஆம்பளைங்கல்லாம் எறங்குங்கடா!" கேமராமேனும் ஆம்பளைதானே, இறங்கினார். ஜன்னலுக்கு ஜன்னல் சேலை கட்டப்பட்டது. எட்டு நிமிடம் தமிழ்நாடு சேலை கட்டிய பஸ்ஸை மட்டும் பார்த்தது. யாரும் சேனலை மாற்றவில்லை.

உள்ளே வினோதினி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்த, தப்பா எடுத்துக்காதீங்க. இது..."

"எனக்குத் தெரியாதா? கம்முனு கத்து" என்று கொளஞ்சியம்மாள் தலையணையை அவிழ்த்து எடுத்தாள். ஒரு கையகலம்கூட இல்லை. அதைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்தவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. யாரோ ஒருத்தி தன் மூன்று மாதக் குழந்தையைச் சேலை இடுக்கு வழியாக உள்ளே நீட்டினாள். அது புது முகங்களைப் பார்த்து வீறிட்டது. வெளியே குலவைச் சத்தம் கிளம்பியது.

கொளஞ்சியம்மாள் மருமகளின் கையைப் பிடித்து, பழைய வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வெற்றுக் கை லேசாக இருந்தது. வினோதினி அழுதாள். அது நடிப்பில்லை.

"வர்ற புதன்கெழம நல்ல நாளு. ஒனக்கு வளைகாப்பு" என்றாள் மாமியார்.

கலைமணியின் போன் அலறியது. எடுத்தவருக்கு முதலில் வியர்த்தது, பிறகு பல் தெரிந்தது. "வினோதினிம்மா, மேனேஜர் திட்டல! இவ்ளோ பேரு எந்த ஷோவையும் பாத்ததில்லயாம். பணம் உண்டுங்கறாரு. பஸ் கடலூருக்குத் திரும்பிப் போவணுமாம், அடுத்த மாசமே மல்லிகா ரெண்டாவது தடவ நெறமாசமா ஏறணுமாம்."

வினோதினி போனைத் தானே வாங்கினாள்.

"ஏறுறேன் சார். ஆனா ஒண்ணு, இந்தத் தடவ தலகாணி இல்ல. நீங்க பணம் குடுத்தாலும் குடுக்காட்டியும், ரெண்டு மாசத்துல பஸ் எங்க நிக்கிதோ அங்கயே எம் புள்ள பொறந்துடும்."