காப்பி ஜாடியில் யோர்தான்

ஞானகுமாரி போகிற ஆவடி கோயிலில் ஞானஸ்நானத் தொட்டி கிடையாது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார மிஷனரி விட்டுப்போன பீங்கான் ஜாடிதான் உண்டு. வளைந்த மூக்கு, மூடி, வயிற்றில் மலையும் மரமும் ஆறுமாக ஒரு சித்திரம். கோயிலில் இருக்கிற ஆறு வேறு எந்த ஆறாக இருக்கும்? இயேசு ஞானஸ்நானம் எடுத்த யோர்தான்தான் என்று சபையார் முடிவுகட்டி, அதிலிருந்தே பிள்ளைகள் தலையில் ஊற்றிவந்தார்கள். கரையில் தொப்பி போட்டு ஒருவன் தூண்டிலோடு நிற்கிறானே என்றால், அவன் பேதுரு.

பேரனுக்கும் அந்த ஜாடிதான் என்று ஞானகுமாரி ஒற்றைக்காலில் நின்றாள். மருமகள் ஜாஸ்லினின் அப்பா ரூபஸோ பூந்தமல்லியில் பெந்தெகொஸ்தே சபை. விவரம் தெரிந்த ஆளை முழுசாகத் தண்ணீரில் முக்கினால்தான் அவருக்கு ஞானஸ்நானம். மற்றதெல்லாம் தலை நனைத்தல்.

“எங்க தண்ணி யோர்தான்லேர்ந்து வருது சம்பந்தி,” என்று சொல்லியே அவர் வாயை அடைத்து வைத்திருந்தாள்.

ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் ரூபஸ் ஜாடியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். செல்போனில் படம் எடுத்தார். போன் சொன்னதை முன்வரிசைக்கே கேட்கும்படி வாசித்தார்.

“ஜெர்மன்காரன் காப்பி ஊத்துற ஜாடியாம். ஆறும் அந்த ஊரு ஆறுதான். இத்தினி வருசமா காப்பி ஜாடியிலயா ஞானஸ்நானம் குடுத்துகினு கீறீங்க?”

ஞானகுமாரி ஜாடியை அவர் கையிலிருந்து வாங்கி நிமிர்த்தி வைத்தாள். அவள் தலையிலும் அதிலிருந்துதானே ஊற்றினார்கள். யோர்தான் போனால் போகிறது, ஜாஸ்லின் பிள்ளையை இறுக்கிக்கொண்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

“அப்பா சொல்றதும் சரிதானே அத்தே. அவன் வளந்து முடிவு பண்ணட்டுமே,” என்றாள் ஜாஸ்லின்.

மகன் ஜெர்வின் மின்விசிறியை ஆராய்ந்தான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டினால் அவன் ஆராய்வது அதைத்தான்.

“கானாவூர் கல்யாணத்துல இன்னா, வெள்ளிக் கூஜாவா வச்சிருந்தாங்க?” என்று கேட்டாள் ஞானகுமாரி. “கை கால் கழுவுற கல்ஜாடி. அதுலயே கர்த்தர் தண்ணிய திராட்சரசமாக்கி குடுத்தாரு. காப்பி ஜாடி அதவிட சுத்தம் சம்பந்தி.”

ரூபஸுக்கு வேதம் மனப்பாடம். வினையே அதுதான், மறுக்க வழியில்லை. அப்பா செல்போனைச் சட்டைப்பைக்குள் போடுவதைப் பார்த்துவிட்டு ஜாஸ்லின் பிள்ளையைப் போதகர் கையில் கொடுத்தாள்.

பிள்ளை வீறிட்டது. போதகர் ஜாடியைச் சாய்த்தார். பிதாவின் நாமத்தில் ஊற்றியது நெற்றியில் விழுந்தது. குமாரனுடையது மூக்கில். பரிசுத்த ஆவியினுடையது நேரே வாய்க்குள் போனது. பிள்ளை மடக்கென்று விழுங்கி, அழுகையை நிறுத்தி, சப்புக்கொட்டியது.

ரூபஸ்தான் முதலில் சிரித்தார்.

“நாங்க ஆள தண்ணிக்குள்ள முக்குவோம். இவன் தண்ணிய ஆளுக்குள்ள முக்கிட்டான். முழுக்கு முழுக்குதான் சம்பந்தி.”