ஆள் வழியில் இருக்கிறார்

என் மாப்பிள்ளை ராணுவத்தை விட்டு வீட்டுக்கு வந்த அன்று, பதினோரு வருடமாகப் பின்தங்கியே ஓடிக்கொண்டிருந்த எங்கள் கூடத்துக் கடிகாரம் தானாகவே நான்கு நிமிடம் எட்டிப் பிடித்துச் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கடிகாரம் நம்பிவிட்டது.

இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவருடைய லீவு நாட்களை எல்லாம் என் மகள் ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் இருவரும் சேர்ந்து குடித்தனம் நடத்தியது இரண்டு வருடமும் கொஞ்சமும்தான். அதனால் அவர் பெட்டியை இறக்கி வைத்த மறுநாளே எனக்கு உத்தரவு வந்தது.

"அப்பா, உங்க கம்பெனியிலயே ஒரு வேலை பாருங்க. இல்லைன்னா கடல் நடுவுல எண்ணெய் தோண்டுற இடத்துல காவல் வேலைக்குக் கூப்பிடுறாங்களாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் வீடு. இவர் சரின்னு சொல்லிடுவார். யார் கூப்பிட்டாலும் சரின்னுதான் சொல்லுவார்."

எங்கள் கம்பெனி லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனி. நான் அங்கே முப்பத்தொரு வருடமாக ஸ்டோர் கீப்பர். எந்த ஸ்குரூ எந்த டப்பாவில் இருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதால்தான் எழுபத்திரண்டு வயதிலும் எனக்கு வேலை இருக்கிறது. மேனேஜரிடம் சொன்னேன். புகார் எடுக்கிற போனில் உட்கார வைத்தார். மூன்று மாதம் சோதனை, தேறினால் நிரந்தரம்.

முதல் நாள் மேனேஜர் வேலையைச் சொல்லிக்கொடுக்க அரை நிமிடம் ஆயிற்று.

"யார் போன் பண்ணினாலும் 'ஆள் வழியில இருக்காரு'ன்னு சொல்லணும். அவ்வளவுதான் சார்ஜன்ட்."

"சரி சார்," என்றார் மாப்பிள்ளை. அன்றிலிருந்து கம்பெனி முழுவதும் அவருக்கு சார்ஜன்ட் என்றே பெயர்.

இங்கேதான் பிசகியது. அந்த வாக்கியத்தை முப்பத்தொரு வருடமாக நாங்கள் எல்லோரும் சொல்லி வந்திருக்கிறோம். அதற்கு 'வணக்கம்' என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. மெக்கானிக் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். லீவில் இருப்பார். ஒருமுறை வேலையை விட்டே போய்விட்ட ஒருவர் ஒன்றரை வருடம் எங்கள் போனில் வழியிலேயே இருந்தார். மாப்பிள்ளை அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

போன் அடித்தது. மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்திருந்த மெக்கானிக்கைப் பார்த்தார். அந்த ஆள் பேச ஆரம்பிக்கும் முன் ஒன்று, முடித்த பின் ஒன்று விடுவதால் கொட்டாவி என்று பெயர்.

"கிளம்புங்க."

"எங்க?"

"வழிக்கு."

"எந்த வழிக்கு?"

"அது கிளம்பினப்புறம் சொல்றேன். நீங்க இப்ப வழியில இருக்கீங்க."

"நான் நாற்காலியில இருக்கேன் சார்ஜன்ட்."

"அதான் பிரச்சினை."

கொட்டாவி எழுந்தார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. மாப்பிள்ளை குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் அந்தக் குரல் கேட்டால் சுவரில் சாய்த்து வைத்த ஏணிகூட நிமிர்ந்து நிற்கும். கொட்டாவியின் பின்னங்கால் கேட்டைத் தாண்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகே மாப்பிள்ளை ரிசீவரிலிருந்து கையை எடுத்தார். "ஆள் வழியில இருக்காருங்க."

ஒரு மாதத்தில் ஊர் குழம்பிப் போனது. சொன்ன நேரத்துக்கு மெக்கானிக் வந்து நின்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? அடையாள அட்டை கேட்டார்கள். ஏழாவது மாடிக்காரர் ஒருவர் கம்பெனிக்கே வந்து சண்டை போட்டார். "லிஃப்ட் நாலு நாள் ஓடாதுன்னு நம்பி என் சொந்தக்காரங்களை வரவேண்டாம்னு சொல்லியிருந்தேன். நீங்க இருபது நிமிஷத்துல சரி பண்ணிட்டீங்க. இப்ப எல்லாரும் மேல உட்கார்ந்திருக்காங்க. யார் பொறுப்பு?"

மெக்கானிக்குகள் வேறு மேனேஜரிடம் போய் நின்றார்கள். "சார், டீ ஆறலை, அதுக்குள்ள வழியில இருக்கோம். நாங்க ராணுவத்துல சேரலையே."

மூன்றாவது மாதக் கடைசியில் மேனேஜர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. சும்மா வாய் வார்த்தைதானே."

"சார், எல்லையில ஒருத்தர் அடிபட்டு, கம்பளம் விரிச்ச மாதிரி கிடக்கிற பனியில படுத்திருப்பார். ஆள் வழியில இருக்குன்னு நான் சொன்னா அவர் காத்திருப்பார். சும்மா சொன்னா சும்மா காத்திருப்பார்."

மேனேஜர், சோதனைக் காலம் முடிய இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது என்று மட்டும் ஞாபகப்படுத்தினார். அதை வீட்டில் சொன்னபோது என் மகள் தட்டைக் கழுவிக்கொண்டே, "ஒரே ஒரு பொய்யை ஒரு தடவை சொன்னா என்னவாம்?" என்று கேட்டாள். மாப்பிள்ளை எழுந்து வந்து, அவள் கழுவி வைத்த தன் தட்டை மறுபடியும் கழுவி வைத்தார்.

மூன்றாம் நாள் மதியம் அது நடந்தது. மாப்பிள்ளையின் புண்ணியத்தில் எல்லா மெக்கானிக்கும் நிஜமாகவே வெளியே இருந்தார்கள். ஒரு குடியிருப்பின் வாட்ச்மேன் கூப்பிட்டார். லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே நிற்கிறது, உள்ளே ஒரு தையல்காரம்மா தனியாக இருக்கிறார், விளக்கும் இல்லை.

மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "சொல்லுங்க சார்ஜன்ட். ஆள் வழியில இருக்காரு."

"யார் சார் வழியில?"

"யாராவது."

"யாராவதுன்னு நம்மகிட்ட யாரும் இல்லையே சார்."

"இது ஆர்டர்," என்றார் மேனேஜர். குரல் ஏறிவிட்டது. அறையில் இருந்தவர்கள் நானும் அவர்களும்தான். என் மகளின் பதினாறு வருடமும் அந்த ரிசீவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை எழுந்தார். ரிசீவரை என் கையில் கொடுத்தார். "மாமா, நான் கேட்டைத் தாண்டினதும் சொல்லிடுங்க." டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் ஜன்னலில் பார்த்தேன். அவர் கால் கேட்டைத் தாண்டியது. "ஆள் வழியில இருக்காருங்க," என்றேன். இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை நான் உண்மையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்குக்குப் புது ருசியாக இருந்தது.

அவர் ஓடியபோது இரண்டு பஸ்களை முந்தினார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மூன்றாவது பஸ் வேறு ரூட், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஓடிக்கொண்டே கொட்டாவியை போனில் பிடித்து, கையிலிருந்த வேலையை முடித்ததும் அங்கே வரச் சொல்லிவிட்டார். பிறகு ஐந்தாவது மாடி லிஃப்ட் வாசல்படியில் குப்புறப் படுத்து, கதவிடுக்கு வழியே டார்ச்சை அடித்தார். இதெல்லாம் அந்த வாட்ச்மேன் சொன்னது.

"அம்மா, நான் மெக்கானிக் இல்ல. எனக்கு இதைத் திறக்கத் தெரியாது. மெக்கானிக் வர ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும்."

"நிஜமாவா தம்பி, இல்ல சும்மா சொல்றீங்களா? நானே தையல்காரி. நாளைக்கு ரெடின்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"சும்மா சொல்ல எனக்கு இன்னும் வரலைம்மா. இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கேன்."

அந்த நேரம் முழுவதும் அவர் அங்கேயே படுத்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கொட்டாவியிடம் கேட்டு உள்ளே சொன்னார். ஸ்பேனரைத் துடைக்கிறார். வண்டியை எடுத்துவிட்டார். பாலத்தில் இருக்கிறார். பாலத்தில் லாரி மறிக்கிறது, ஏழு நிமிடம் கூடும். கெட்ட செய்தியையும் அதே குரலில் சொன்னார். அந்த அம்மா டார்ச் வெளிச்சத்தில், மடியிலிருந்த கோட்டுக்குப் பட்டன் தைத்து முடித்துவிட்டார். கொட்டாவி வந்து கதவைத் திறந்தபோது, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவர் கொட்டாவி விடவில்லை.

இதற்கிடையே கம்பெனியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் எடுத்தேன். பழைய வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். கண் தானாக ஜன்னல் பக்கம் போனது. கேட்டில் யாரும் இல்லை.

"யாரும் வழியில இல்லைங்க," என்றேன். "நாலரைக்கு மேலதான் ஆள் வரும்."

மறுமுனையில் பெருமூச்சு. "அப்படியா? அப்ப நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன். இதை முன்னாடியே சொல்லியிருந்தா இத்தனை வருஷத்துல எவ்வளவு வேலை முடிச்சிருப்பேன்."

ஐந்து பேர் கூப்பிட்டார்கள். ஐந்து பேருமே திட்டவில்லை. மேனேஜர் என் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திருட்டுத்தனமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகூடக் கேட்டார்.

மாப்பிள்ளை திரும்பி வந்ததும் நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றார். சட்டை முன்புறம் முழுக்கப் படியின் தூசி.

"சார், போனை விட்டுட்டு எழுந்து போயிட்டேன். ஒரு மணி ஐம்பது நிமிஷம். காவல்ல இருக்கிறவன் இடத்தை விட்டு நகர்ந்தா அங்க என்ன தண்டனைன்னு தெரியும். இங்க என்னன்னு தெரியலை."

"இங்க அப்படி எதுவும் இல்லையே," என்றார் மேனேஜர், ஏதோ சரக்கு தீர்ந்துபோன கடைக்காரர் மாதிரி.

"அப்ப நீங்கதான் சார் சொல்லணும்."

மேனேஜர் நெற்றியைச் சொறிந்தார். "நாளைக்கும் அதே நாற்காலியில உட்காருங்க. அடுத்த வருஷமும். இனிமே அந்த வாக்கியம் வேண்டாம், நேரத்தைச் சொல்லுங்க. அதுதான் தண்டனை."

"புரியலை சார்."

"வேலை நிரந்தரம், மாப்பிள்ளை," என்றேன் நான். ஒரே மூச்சில் இவ்வளவு உண்மையைச் சொன்னதில் மேனேஜருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவர் அதை ராணுவ அறிக்கை மாதிரி இரண்டே வரியில் சொன்னார். கடல் வேலைக்காரர்களுக்கு வரவில்லை என்று அப்போதே செய்தி அனுப்பினார். என் மகள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" என்று கேட்டாள். மூன்று மாதமாகத் தினமும் பார்க்கிற நேரம்தான். இருந்தும் கேட்டாள்.

"எட்டு இருபது."

"திரும்பி வர?"

"ஆறு பத்து."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஒன்பது மணி ஐம்பது நிமிஷம்," என்றாள். "பரவாயில்லைங்க, தாங்கிக்கிறேன்."