வெளியேறும் நோய்க்குச் சந்தேஷ்

தபதி குளியலறைச் சுவரில் நெற்றியை ஊன்றி நின்றாள். ஒற்றைத் தலைவலி அவளுக்குப் புதிதன்று. அது எப்போதும் இடப்பொட்டில் துடிக்கும். இருட்டறையில் ஒரு பகல் படுத்தால் அடங்கிவிடும். இதுவோ மூன்று நாளாகப் பிடரியிலிருந்து மண்டை முழுவதையும் பிளந்துகொண்டிருந்தது. குழாய்கூட இரண்டாகத் தெரிந்தது.

கூடத்தில் அவள் கணவர் பிமலேந்து, அடுத்த வீட்டு ஜோயாவிடம் சந்தேஷ் என்ற பால் இனிப்புத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கோம்மா. மருந்து பிடிச்சிடுச்சு."

"அண்ணி வாந்தி எடுக்குற சத்தம் கேக்குதே, அண்ணா?"

"அதுக்குத்தான் இனிப்பே. ஹோமியோபதியில முதல்ல ஏறும், அப்புறம் இறங்கும். நோய் மூட்டை கட்டிட்டுக் கிளம்புது. கிளம்புறவன் கொஞ்சம் கத்தத்தானே செய்வான்?"

தபதி மீண்டும் குனிந்து வாந்தி எடுத்தாள்.

ஷியாம்பஜார் ஹோமியோபதிக் கடையில் அவள் தலைவலிக்கென்று மருத்துவர் சீட்டின்றி வாங்கிய மருந்துக் குப்பி அது. வெங்காயம், பூண்டு, காபி ஆகாவென்றார் கடைக்காரர். அந்த விலக்குப் பட்டியலில் நான்காவதாக இங்கிலீஷ் மருந்தையும் பிமலேந்து தாமே சேர்த்துக்கொண்டார். எட்டாண்டாக அவள் விழுங்கிவந்த இரத்த அழுத்த மாத்திரை பரண் ஏறிற்று. பத்து நாளாயிற்று. தானும் அதற்குத் தலையாட்டினாளே என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் அருவருப்பாயிருந்தது.

வாய் கொப்பளிக்கக் குவளையை எடுத்தாள். அது இடக்கையிலிருந்து நழுவி விழுந்தது. விரல்கள் மரத்திருந்தன.

தட்டுத்தடுமாறி வெளியே வந்தவளிடம் பிமலேந்து குப்பியுடன் விரைந்தார். மீசையில் சந்தேஷ் துகள் ஒட்டியிருந்தது.

"நாக்கை நீட்டு. இன்னும் நாலு உருண்டை."

மனைவியின் முகவாயில் வழிந்த பித்தம் அவர் கண்ணிற் படவில்லை. உருண்டையில் கைபடலாகாதென்று மூடியில் உருட்டி எண்ணுவதில் மட்டும் அத்தனை கவனம். தபதி மூடியைத் தட்டிவிட்டாள்.

"ஜோயா, வண்டி கூப்பிடு. கை மரத்துப் போச்சு."

"இப்போ போனா பத்து நாள் பாடு வீணாப் போயிடும்," என்றார் அவர்.

"போகட்டும்."

மருத்துவமனையில் இளம் டாக்டர் பெண் அழுத்தமானியை இருமுறை பார்த்தாள்.

"இருநூத்திப் பத்து. எந்த மாத்திரையை நிறுத்தினீங்க?"

பிமலேந்து பெருமை குன்றாமல் பெயரைச் சொன்னார்.

"சர்க்கரை உருண்டை அவங்களை ஒண்ணும் பண்ணல, ஐயா. நீங்க நிறுத்தினீங்களே, அதுதான் பண்ணுது. இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா பேச்சும் போயிருக்கும்."

"ஊசியை மட்டும் கொஞ்சம் பொறுத்துப் போடலாமா? உள்ளே மருந்து வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு."

டாக்டர் தபதியிடம் திரும்பினாள்.

நா குழறிற்று. ஆயினும் தபதி எழுத்தெழுத்தாகச் சொன்னாள்:

"போடுங்க. இவரை வெளியே உக்காரச் சொல்லுங்க."