குண்டம்மாவின் காது

உடுத்திவிடுவதற்கு அப்பாவின் நல்ல சட்டையைத் தேடி அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தபோது, போர்வை மடிப்புக்குள் துண்டில் சுற்றிய போன் அவள் கையில் தட்டுப்பட்டது. அப்பாவின் போன். ஓரத்தில் விரிசல் விட்டது. அவர் உடலை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள், சுற்றிலும் சொந்தக்காரர்கள். போன் மட்டும் இங்கே ஒளிந்துகொண்டிருந்தது.

துண்டை முழுதாகப் பிரிப்பதற்குள் அண்ணன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"மேடம், அதை மட்டும் தொடாத."

"ஏன், உன் சொத்தா?"

"சத்தம் போடாத. உள்ள குண்டம்மா இருக்கு."

குண்டம்மாவை அவளுக்குத் தெரியும். போன் விளையாட்டில் வரும் பிராணி. சுமோ மல்லர்களைப் பார்த்துச் செய்தது. உச்சிக் கொண்டை, இடுப்பில் தடித்த கச்சை, தாம்பாளம் மாதிரி உள்ளங்கை, உடம்பெல்லாம் மஞ்சள் மயிர். எதிரியை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் ஜெயம். ஆயுள் முழுக்கக் கிடங்கில் சிமெண்டு மூட்டை சுமந்த அப்பா, எலும்பும் தோலுமான ஆள், அதில் மயங்கிப்போனார். தூக்குவதும் தள்ளுவதும் நம்ம தொழில்தானே என்று சிரிப்பாராம். அண்ணனுக்கும் அதே கிடங்கில்தான் வேலை. சாப்பாட்டு நேரத்தில் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் விளையாடுவார்கள். அது ஆம்பளை மல்லன் என்று அண்ணன் சொன்னதற்கு, எனக்குப் பொண்ணுதான் போடா என்றாராம். இதெல்லாம் அண்ணன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அப்பா ஒன்றும் சொன்னதில்லை.

அவளிடம் அப்பா பேசியதே வேறு பாஷை. பட்டம் வாங்கி, முதல்நாள் வேலைக்குப் புறப்பட்ட காலையில், "கிளம்பிட்டீங்களா?" என்றார். வேடிக்கை என்று நினைத்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆபீஸ் போகிற பெண்ணை இன்னமும் டி போட்டுக் கூப்பிட்டால் நன்றாகவா இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னாராம். அதோடு சரி. வாங்க, உட்காருங்க, பார்த்துப் போங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. கத்திப் பார்த்தாள். முறைத்துப் பார்த்தாள். பேசாமலும் இருந்து பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க" என்றார் மனிதர். அண்ணனுக்குக் கடைசிவரை டாதான். போன வாரம்கூட முதுகில் ஒரு அறை வாங்கினான். கொடுத்துவைத்தவன்.

நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர், போனில் அவளிடம் கடைசியாகச் சொன்னது: "நீங்க வேலையைப் பாருங்க."

அண்ணன் தணிந்த குரலில் விளக்கினான். வயிற்றைத் தொட்டால், குண்டம்மா தான் கடைசியாகக் கேட்ட பேச்சைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்லும். சொல்லிவிட்டுக் கையைக் காதோரம் வைத்துக்கொண்டு நிற்கும். அந்த நேரம் யார் வாய் திறந்தாலும் புதுப் பேச்சு உள்ளே போய்விடும், பழசு அழிந்துவிடும். உள்ளே இருப்பது அப்பா நேற்றுக் காலையில் பேசியது. அதனால்தான் ஒளித்துவைத்தேன், கூட்டம் கலைந்ததும் வேறு போனில் பதிந்துவைத்துக்கொள்ளலாம் என்றான்.

"என்ன பேசினாரு?"

அண்ணன் அலமாரியைப் பார்த்தான். "சும்மா. எப்பவும் பேசுறதுதான்."

வெளியே யாரோ அழைத்தார்கள். சட்டையை எடுத்துக்கொண்டு போனான். அம்மா கதவைத் திறந்து தலையை நீட்டி, காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படவில்லையே, ஒரு வாய் டீயாவது குடி என்றாள். வேண்டாம் என்று இவள் எரிந்து விழுந்தாள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

போனுக்குப் பூட்டில்லை. வட்டத்தின் நடுவில் குண்டம்மா குந்தியிருந்தது. ஊட்டி ஊட்டி வளர்த்த உடம்பு, கழுத்தே காணோம். வயிற்றைத் தொட்டாள்.

"வாடி என் தங்கம். சாப்டியாடி?"

அப்பாவேதான். தொண்டையில் சிமெண்டுத் தூசி அடைத்த அதே கரகரப்பு. அந்த டி. படித்தவள் இவள், கண் எரிய எரியப் படித்தவள். இந்தக் கொழுத்த ஜென்மம் எந்தப் பரீட்சை எழுதியது? மரியாதையை அவளுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் இதற்குக் கொட்டியிருக்கிறார்.

குண்டம்மா காதோரம் கையை வைத்துத் தலையைச் சாய்த்தது. ஒரு சொல் போதும். சனியனே என்றால், அப்புறம் ஆயுசுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். அவள் வாயைத் திறந்தாள்.

முன்னறையில் யாரோ உரக்கப் பேசினார்கள். சட்டென்று போனின் அடியிலிருந்த மைக் துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினாள். குண்டம்மா காத்திருந்து, அலுத்துப்போய்க் கையை இறக்கியது.

பேச்சு ஓயும்வரை விரலை எடுக்கவில்லை. பிறகு போனை மடியில் வைத்து, வயிற்றை மறுபடி தொட்டாள்.

"வாடி என் தங்கம். சாப்டியாடி?"

குண்டம்மா கையைக் காதோரம் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தது. அவள் உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள்.