உபவாச ஜெபத்துக்குப் போனவன்

என் பெயர் டேனியல். காஞ்சிபுரத்தில் பஞ்சாட்சரம் என்பவருடைய சாயப்பட்டறையில் பத்து வருடமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறேன். எங்கள் சபையில் போய் என்னைப் பற்றிக் கேட்டால் ‘ஆசீர்வதிக்கப்பட்ட மனுஷன்’ என்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, வாலாஜாபாத்தில் ஒரு பழைய பைக் நல்ல நிலையில் விலைக்கு வந்திருக்கிறது என்று என் சிநேகிதன் சீனிவாசன் போன் செய்தான். அன்றைக்குப் பட்டறையில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. பைக் பார்க்கப் போகிறேன் என்றால் முதலாளி விடமாட்டார். வீட்டில் என் மனைவி கிரேஸிடம் சொன்னாலோ, “இருக்கிற சைக்கிளுக்கு இன்னா கேடு?” என்று ஆரம்பித்துவிடுவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பொய்யாகச் சொன்னேன். வாலாஜாபாத் சபையில் உபவாச ஜெபம், போய்விட்டு வருகிறேன் என்றேன்.

அந்தப் பொய்யில் ஒரு வசதி, யாரும் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள். பஞ்சாட்சரம் பெரிய சிவபக்தர். உபவாசம் என்றால் விரதம்தானே, அந்த வார்த்தையைக் கேட்டதுமே அவர் குரல் இறங்கிவிட்டது. “போய்ட்டு வாப்பா. எந்த சாமியா இருந்தா இன்னா. உன் எடத்துல கமல நிக்கச் சொல்லு” என்றார்.

கமல் எங்கள் தெருக்காரன், எங்கள் சபைக்காரன். பட்டறையில் அவனுக்கு நூலைப் பிழிந்து காயப்போடுகிற வேலை. அடுப்பின் மேல் கொதிக்கிற கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று, கழியில் தொங்கும் நூலைச் சாயத் தண்ணீருக்குள் புரட்டிப் புரட்டி எடுப்பது என் வேலை. அந்த அடுப்பின் இடப்பக்கத்துச் செங்கல் ஒன்று இரண்டு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் சொன்னால் அடுப்பைப் பிரிப்பார், மண்ணையும் கல்லையும் நான்தான் சுமக்க வேண்டும். அந்தச் சோம்பேறித்தனத்தில், காலையில் நெருப்பு மூட்டுவதற்கு முன்னால் ஒரு கல்லை வைத்து முட்டுக்கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்குக் கமலுக்குப் போன் செய்து, கொப்பரையைப் பார்த்துக்கொள் என்று சொன்னவன் கல்லைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன். மறந்தது நிஜம்தான். ஆனால் பைக்குக்கு எத்தனை புது டயர் என்று சீனிவாசனிடம் கேட்க மறக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கொப்பரை சாய்ந்தது. கொதிக்கிற அரக்குச் சாயம் கமலின் இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கொட்டியது. அந்த நேரத்தில் நான் வாலாஜாபாத்தில் ஒரு கடையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உபவாசக்காரன், முட்டை தனியாகக் கேட்டு வாங்கினேன்.

தகவல் தெரிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலிலேயே கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க நிக்கவேண்டிய எடம்ங்க அது. ஜெபத்துக்குன்னு உங்கள தனியா கூட்டிக்கினு போய் கர்த்தர் காப்பாத்திட்டாரு பாருங்க!” என்று அழுதாள். பக்கத்தில் நின்ற சபைக்காரர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், “ஸ்தோத்திரம்” என்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஏறுமுகம்தான். பைக் வீட்டுக்கு வந்தது. எங்கள் சபையின் பாஸ்டர் மாணிக்கவேல் அதன் ஹெட்லைட்டில் எண்ணெய் தடவி ஜெபித்துக் கொடுத்தார். புது வீடு கட்டியவர்கள் முதல் ஜெபத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் தன் கைக்குழந்தையை என் மடியில் போட்டு ஆசீர்வதிக்கச் சொன்னாள். எனக்கு எதில் அதிகம் வெட்கம் என்றால், நடுவில் சில நாள் நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். பொய் சொல்ல வைத்தாவது கர்த்தர் என்னைத் தப்புவித்தார், என்மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம் என்று நினைத்துக்கொண்டு பைக்கில் போனேன். இதைவிடக் கேவலமான நினைப்பு ஒருவனுக்கு வரமுடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை கமலைப் பார்க்கப் போனேன். அதுவரைக்கும் கும்பலோடு போய்விட்டுக் கும்பலோடு திரும்பிவிடுவேன். அன்றைக்குத் தனியாக மாட்டிக்கொண்டேன். இரண்டு கையிலும் கட்டோடு அவன் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி வடிவு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒன்னு கேக்கணும்பா உன்ன. நீ மறைக்காம சொல்லணும்” என்றான் கமல்.

“கேளுப்பா” என்றேன்.

“இந்தக் கை வேகறதுக்கு முன்னால மூணு வாரம் நான் ஆராதனைக்கே வரலப்பா. ஊட்ல டிவில மேட்ச் பாத்துக்கினு கெடந்தேன். நீ ஜெபத்துக்குப் போன, தப்பிச்சிட்ட. நான் போவல, வெந்துட்டேன். கர்த்தரு என்ன வேணாம்னு தள்ளிட்டாரு, இல்ல?”

“சேச்சே, இன்னாப்பா பேசற” என்றேன்.

“கட்டு பிரிச்சிப் பாத்தா விரல் மடங்க மாட்டேங்குதுபா. வேலைக்கிப் போவ முடியாதது கூட பெரிசில்ல. நான் ஜெபம் பண்ணா செவுத்துகிட்ட பேசற மாரி இருக்குது. நீ என் தல மேல கைய வச்சி ஜெபம் பண்ணு. நீ சொன்னா அவரு கேப்பாரு.”

வடிவு தட்டைக் கீழே வைத்துவிட்டு முக்காடு போட்டுக்கொண்டாள்.

நான் ஜெபித்தேன். கமலின் தலையில் கையை வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஜெபித்தேன். ‘உமது அடியான் கமலின் மீறுதல்களை மன்னியும் ஆண்டவரே’ என்று அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன்! வடிவு அழுதுகொண்டே ஆமென் சொன்னாள். கமல், “தேங்ஸ்பா” என்றான்.

வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. “இன்னிக்கும் உபவாசமாங்க?” என்று கிரேஸ் பெருமையாகக் கேட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை. வருடத்தில் ஒரு நாள், ஆசீர்வாதம் பெற்றவர்கள் முன்னால் வந்து சாட்சி சொல்லுவார்கள். என் பெயரைப் பாஸ்டர் ஒரு வாரம் முன்பே எழுதி வைத்துவிட்டார். நான் பேசுவதைக் கேட்பதற்காகவே வடிவு கமலை ஷேர் ஆட்டோவில் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள்.

சாட்சிக்கு முன்னால் பாஸ்டர் வேதத்தை வாசித்தார். இயேசு மலைமேல் உட்கார்ந்து யார் யாரைப் பாக்கியவான்கள், அதாவது ஆசீர்வதிக்கப்பட்டவர்கள், என்று சொன்னாரோ அந்தப் பகுதி. சின்ன வயதிலிருந்து கேட்பதுதான். துயரப்படுகிறவர்கள் வந்தார்கள், சாந்தமாக இருப்பவர்கள் வந்தார்கள், நீதிக்காகப் பசித்தவர்கள் வந்தார்கள். தப்பித்துக்கொண்டவன் எங்கேயாவது வருகிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கடைசி வரைக்கும் வரவில்லை. நிமிர்ந்தால் எதிரே கமல், கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். இவ்வளவு வாசித்தும் அது தனக்கில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அப்படி நினைக்க வைத்தவன் நான்.

“பிரதர் டேனியல்!” என்று பாஸ்டர் கூப்பிட்டார். கை தட்டினார்கள். மைக்கை வாங்கினேன்.

“நான் அன்னிக்கு ஜெபத்துக்குப் போகல” என்றேன்.

சிலர் பழக்கத்தில் அல்லேலூயா என்றார்கள்.

“பைக் வாங்கப் போனேன். உபவாசம்னு பொய் சொன்னேன். வயிறு முட்ட பிரியாணி சாப்ட்டேன். அடுப்புல ஒரு செங்கல் ஆடுறது எனக்குத் தெரியும். தெனமும் முட்டுக்கொடுப்பேன். கமலுக்கு அத சொல்லாம போனேன். அதனாலதான் கொப்பர சாஞ்சிது. கர்த்தர் என்ன தூக்கி வைக்கவும் இல்ல, கமல தள்ளவும் இல்ல. எல்லாம் நான் பண்ணது.”

கீபோர்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். கிரேஸ் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். பாஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

வடிவுதான் முதலில் வாயைத் திறந்தாள். “அடப்பாவி! ராவெல்லாம் தூங்காம அழுதுக்கினு கெடந்தாரே மனுஷன். இந்த வாயாலதான அவருக்கு மன்னிப்பு கேட்ட நீ? உன் ஜெபத்துக்கு நான் ஆமென் வேற சொன்னேனே!” என்று கத்தினாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இன்னும் நாலு வார்த்தை திட்டமாட்டாளா என்று நின்றேன்.

“நீ கம்முனு இரு வடிவு” என்று கமல் எழுந்தான். என்னைத்தான் பார்த்தான். அடிக்க வருகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அப்ப, அவருக்கு என்மேல கோவம் ஒன்னும் இல்லியாப்பா?”

“இல்லப்பா” என்றேன்.

“நெஜமா?”

“நெஜமாப்பா. அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அவன் முகம் கோணியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைக்கக் கட்டுப்போட்ட கையைத் தூக்கினான், முடியவில்லை. வடிவு என்னைத் திட்டுவதை விட்டுவிட்டு முந்தானையால் துடைத்துவிட்டாள். ஒன்றரை மாதமாக நான் என் பெயர் கெடுமே என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் கைகள் போனதைக்கூட விட்டுவிட்டு இந்த ஒரு பதிலுக்காக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு நிற்கவே கூசியது.

இறங்கிப் போய்விடலாம் என்று மைக்கை வைக்கப் போனேன். “இருப்பா, நான் சாட்சி சொல்லணும்” என்று கமல் மேடைமேல் ஏறி வந்தான்.

மைக்கைப் பிடிக்க அவனால் முடியவில்லை. நான்தான் அவன் வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

“கர்த்தர் என்ன தள்ளலியாம். எனக்கு அது போதும், ஸ்தோத்திரம்” என்றான் கமல். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தான். “இவன் மேல எனக்குக் கோவம் இருக்குது. அது தீர நாளாவும். அதுக்கும் ஜெபம் பண்ணிக்கோங்க.”

சபை ஆமென் என்றது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.