மரகேஷிலிருந்து வந்த மேசன்

அந்த நீள அங்கியை யோசேப்புக்கு முதன்முதலில் மாட்டிவிட்டவள் பிரிகிட்டே. ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தில் வசதியான வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுக்கிற கடைக்காரி. அவளுடைய கடையில் மொரோக்கோ விளக்கு, மொரோக்கோக் கம்பளம், மொரோக்கோத் தேநீர்க் கேத்தல் எல்லாம் இருக்கும். அவற்றில் பாதியை எந்த நாட்டில் செய்தார்கள் என்று அவளுக்கே தெரியாது. அங்கே சந்தேகமில்லாத மொரோக்கோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இத்ரீஸ். மரகேஷ் நகரத்துக்காரன், யோசேப்பின் வயதுக்காரன், சுண்ணாம்புப் பூச்சில் விண்ணன்.

அது சாதாரணப் பூச்சு அல்ல. தாடெலாக்த் என்பார்கள். சுண்ணாம்பில் நிறம் கலந்து சுவரில் அப்பி, அது இறுகத் தொடங்கும்போது உள்ளங்கையளவு ஆற்றுக்கல்லால் தேய்க்க வேண்டும். பிறகு ஒலிவெண்ணெயில் செய்த கறுப்புச் சவர்க்காரத்தைப் பூசி மறுபடியும் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சுவர் மினுங்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. தொடங்கிய சுவரை முடிக்காமல் போக முடியாது. நடுவில் விட்டால் விட்ட இடம் தழும்பாகத் தெரியும். மன்னாரில் மேசனாக இருந்து, ஜேர்மனிக்கு அகதியாக வந்து, பத்து வருஷம் உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு இத்ரீஸுக்கு உதவியாளாகச் சேர்ந்த யோசேப்புக்குச் சுண்ணாம்பின் மணம் மூக்கில் ஏறிய அன்றே அந்த வேலை பிடித்துப்போயிற்று. இரண்டு வருஷத்தில் எது இத்ரீஸ் தேய்த்த சுவர், எது யோசேப்பு தேய்த்த சுவர் என்று இத்ரீஸாலேயே சொல்ல முடியவில்லை.

2002இல் இத்ரீஸ் பிரிகிட்டேயோடு சண்டை கொளுவிக்கொண்டு பிரசல்ஸில் இருந்த தமையனிடம் போய்விட்டான். மரகேஷ் மேசன் நேரில் வந்து தன் கையாலேயே செய்வார் என்று அவள் நாலு வீடுகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். யோசேப்பை மேலும் கீழும் பார்த்தாள். நிறம் சரி, மீசை சரி. கடைப் பொம்மைக்குப் போட்டிருந்த அங்கியைக் கழற்றி அவன் தலைவழியே மாட்டினாள்.

"இனி நீ யூசுப். அதிகம் பேசாதே. சிரித்தால் போதும்" என்றாள்.

அவன் சிரித்தான். அவன் விட்ட பிழை அதுதான். அன்றைக்கு அது அவனுக்குப் பகிடியாகத்தான் இருந்தது. யோசேப்புக்கும் யூசுப்புக்கும் என்ன பெரிய தூரம் என்று வீட்டுக்கு வந்து மனைவி இமெல்டாவுக்குச் சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"உங்களை வேலைக்குத்தானே எடுத்தவ? நாடகத்துக்கே எடுத்தவ?"

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் தகப்பன் ஒரு சுவரைப் பூசி முடித்தால், ஈரம் காயுமுன் அடி மூலையில் பெருவிரல் நகத்தால் ஒரு சிறு சிலுவை கீறிவிட்டுத்தான் கரண்டியைக் கழுவுவார். யோசேப்பும் அதையே செய்தான். போஹும், ஹாகன், எசன் நகரங்களில் எல்லாம் மரகேஷ் யூசுப் பூசிய குளியலறைகளின் அடி மூலையில் அரிசியளவு சிலுவை இருந்தது. குனிந்து தேடினாலொழியக் கண்ணில் படாது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு அலங்காரச் சஞ்சிகை போஹும் நகரத்து வீட்டுக் குளியலறையை நாலு பக்கத்தில் போட்டது. யோசேப்பின் கை ஒரு முழுப் பக்கம். முகம் அங்கியோடு சேர்ந்த தொப்பியின் நிழலில் பாதி. கீழே, பாலைவனத்தின் பொறுமையைக் கையில் கொண்டுவந்த மாஸ்டர் யூசுப் என்று எழுதியிருந்தார்கள். யோசேப்பு பாலைவனத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருந்தான். இமெல்டா அந்தப் பக்கத்தைச் சமையல் மேசையில் விரித்து வைத்தாள்.

"கை உங்கட. பேர் ஆருடைய?" என்றாள். "எனக்கொரு வாக்குத் தாங்கோ. இனி அந்தச் சட்டையைப் போடமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

அவன் சொன்னான். மனதாரத்தான் சொன்னான். அந்த வருஷம்தான் ஓடு பதிக்கிற தொழிலுக்கு இனி மைஸ்ரர் பத்திரம் என்ற தேர்ச்சிச் சான்றிதழ் தேவையில்லை என்று சட்டம் மாறியிருந்தது. யோசேப்பு நகரசபைக்குப் போய்த் தன் பெயரில் தொழிலைப் பதிந்தான். சொந்தப் பெயர் அடித்த சின்ன அட்டைகள் வந்த அன்று இமெல்டா ஒன்றை எடுத்து மாதா படத்தின் சட்டத்தில் செருகிவைத்தாள்.

முதல் வேலையையும் அவளே தேடித் தந்தாள். வியாழக்கிழமைகளில் அவள் துப்புரவு செய்யப் போகும் வீட்டுக்காரி, ஹார்ட்மன் அம்மையார், ஓய்வு பெற்ற ஆசிரியை. மரகேஷுக்குப் போய் வந்ததிலிருந்து தன் குளியலறையை அந்த மாதிரி ஆக்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். யோசேப்பு மழமழவென்று சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வியாழக்கிழமை இமெல்டாவோடு போனான். கையில் அவன் பூசிய சுவர்களின் படங்கள்.

அம்மையார் நல்லவர். தானே கோப்பி ஊற்றினார். சீனிக் கிண்ணத்தை நீட்டியபோது, தனக்கு நீரிழிவு வருத்தம் என்று அவன் மறுத்தான். மரகேஷுக்கு விமானத்தில் போகவில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார். ரயிலும் கப்பலும் பஸ்ஸுமாக ஒன்பது நாள். மெதுவாகப் பயணம் செய்தால்தான் உலகம் உள்ளே இறங்கும், அவசரக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

யோசேப்பும் மெதுவாகத்தான் வந்தவன். மன்னாரிலிருந்து ஜேர்மன் எல்லைக்கு அவனுக்குப் பதினாலு மாதம் பிடித்தது. மொஸ்கோவில் ஒரு அறையில் பதினொரு பேரோடு ஆறு மாதம், பிறகு லொறி, பிறகு நடை, கடைசியில் இடுப்பளவு ஆறு. அதற்கு அப்போது ஒருவரும் அழகான பெயர் வைக்கவில்லை. அவன் அதைச் சொல்லவில்லை. படங்களை மேசையில் பரப்பினான்.

அம்மையாரின் முகம் மலர்ந்தது. உடனேயே சுருங்கியது. எழுந்து போய் அந்தச் சஞ்சிகையை எடுத்து வந்தார்.

"இது யூசுப்பின் சுவர் அல்லவா?"

"யூசுப் நான்தான்" என்றான் யோசேப்பு. நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னான். சொல்லச் சொல்ல அது அவன் காதுக்கே பொய் போலக் கேட்டது. சிங்க் அருகில் நின்ற இமெல்டா துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு, "உண்மைதான், அது இவர்தான்" என்று தன் ஜேர்மனில் சொன்னாள்.

"உன் விசுவாசம் எனக்குப் பிடித்திருக்கிறது, இமெல்டா" என்று அம்மையார் புன்னகைத்தார்.

அப்போதுதான் அவனுக்குச் சிலுவை நினைவுக்கு வந்தது. "அந்தப் போஹும் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். தொட்டிக்குப் பின்னால், அடி மூலையில், ஒரு சின்னச் சிலுவை இருக்கும். அது நான் கீறியது. இடம் கூடச் சொல்கிறேன்" என்றான். தன் வாழ்க்கையில் முதல்முறையாக அவனிடம் ஒரு சாட்சி இருந்தது.

அம்மையார் சஞ்சிகைக்காரர்களைப் பிடித்து, அவர்கள் மூலம் அந்த வீட்டுத் தொலைபேசி எண்ணை வாங்கிப் பேசினார். அரை மணி நேரம் மூவரும் காத்திருந்தார்கள். பதில் வந்தது. சிலுவை இருந்தது. யோசேப்பு இமெல்டாவைப் பார்த்தான். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அம்மையார் தொலைபேசியை மெல்ல வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நீங்கள் அங்கே உதவியாளாக இருந்திருக்கிறீர்கள். அதை நம்புகிறேன். ஆனால் ஒரு முஸ்லிம் மாஸ்டர் சிலுவை கீற மாட்டார். இன்னொருவருடைய சுவரில் உங்கள் அடையாளத்தைக் கீறிவிட்டு, இப்போது அதையே காட்டி என்னிடம் வந்திருக்கிறீர்கள். இது அழகல்ல." பிறகு இமெல்டாவின் தோளைத் தட்டினார். "உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நீ வழக்கம்போல வியாழக்கிழமை வா."

இருவரும் ட்ராமில் திரும்பினார்கள். வீட்டுக் கதவைத் திறக்கும்போது இமெல்டா, "வேற ஆக்கள் வருவினம். பேரை மட்டும் விட்டிடாதேங்கோ" என்றாள்.

வேறு ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் படங்களைப் பார்த்தார்கள், யூசுப்பைத் தெரியுமா என்று கேட்டார்கள். ஐந்து மாதம் யோசேப்பு தன்னோடு தானே போட்டி போட்டுத் தோற்றான். ஜேர்மன் பாஸ்போட்டுக்குக் கொடுத்த விண்ணப்பமோ அதிகாரியின் மேசையில் கிடந்தது. நிலையான வேலை இருக்கிறது என்று கடிதம் வேண்டும் என்றார்கள். வெட்கத்தைவிட்டு அவன் பிரிகிட்டேயின் கடைக்குப் போனபோது, அவள் ஆச்சரியப்படவே இல்லை. கடிதத்தை அங்கேயே யோசேப்பு என்ற பெயரில் அடித்துக் கையெழுத்திட்டாள். அங்கியையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஹார்ட்மன் என்று ஒரு ஆசிரியை. யூசுப்தான் வேண்டும் என்று மாதக்கணக்காகக் காத்திருக்கிறாள்."

இமெல்டாவிடம் அவன் சொல்லவில்லை. ஹாகனில் ஒரு சமையலறைக்கு ஓடு பதிக்கிறேன் என்றான். செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து நாளைக் குறித்தான். மூன்று வாரம் தாடி விட்டான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டு, அதன்மேல் அங்கியை மாட்டிக்கொண்டு அந்த மணியை அடித்தான்.

உடனே பிடித்துவிடுவார் என்றுதான் நினைத்தான். பிடித்தால் நல்லது என்றுகூட ஒரு மூலையில் நினைத்தான். அம்மையார் இரண்டு கைகளாலும் அவன் கையைப் பற்றி, மரகேஷில் படித்து வந்த இரண்டு அரபுச் சொற்களைச் சொல்லி வரவேற்றார். தன் மேசையில் அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்த முகத்தை அந்தப் பெண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை. மெதுவாக உலகத்தைப் பார்க்கிறவருக்கு ஒரு மனிதனைப் பார்க்க அவகாசம் கிடைக்கவில்லை.

அவன் அப்பினான், மட்டம் செய்தான், கல்லை எடுத்தான். அம்மையார் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல் சொல்லாக அவனை எச்சரித்தார். உங்கள் சுவர்களைத் தன்னுடையவை என்று காட்டிக்கொண்டு ஒரு ஏமாற்றுக்காரன் திரிகிறான், கவனம். யோசேப்பு சிரித்தான். கல்லை எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சுவர் இறுகிக்கொண்டிருந்தது. விட்டால் தழும்பு விழும். வேலை போனால் பிரிகிட்டேயின் கடிதமும் செல்லாமல் போய்விடும்.

மத்தியானம் கீழே கதவு திறந்தது. தூசி கூடும் என்று அம்மையார் அன்றைக்கும் இமெல்டாவை வரச் சொல்லியிருந்தார். அவள் வாளியோடு படியேறி வந்து நின்றாள். அங்கியைப் பார்த்தாள். பிறகு தாடியை. பிறகு கல் பிடித்திருந்த கையை.

"இமெல்டா, இவர்தான் உண்மையான யூசுப்" என்றார் அம்மையார். "நிலத்தைத் துடைத்துவிட்டு அவருக்குத் தேநீர் கொண்டுவா. நான் கமராவை எடுத்து வருகிறேன்."

அவர் கீழே போனார். இமெல்டா முழங்காலில் இருந்து சிந்திய சுண்ணாம்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

"இமெல்டா, அந்தக் கடிதத்துக்காகத்தான்..." என்று அவன் மெல்லச் சொன்னான்.

அவள் அடி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சிலுவை எங்க?"

"கீறேல்லை. அவ கண்டா விளங்கீரும்."

இமெல்டா பெருவிரல் நகத்தால் ஈரச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு கோடு கீறினாள். அதன் குறுக்கே ஒன்று. அவளுக்குக் கீறிப் பழக்கமில்லை. அரிசியளவாக வரவில்லை, அரைவிரல் நீளத்துக்கு, கோணலாக, எவர் கண்ணுக்கும் தெரியும்படி வந்தது. வாளியை எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்காமல் கீழே போனாள்.

படியில் அம்மையாரின் காலடி ஏறிக்கொண்டிருந்தது. யோசேப்பு குனிந்தான். கல்லை மூலையில் வைத்துத் தேய்த்தான். முதலில் குறுக்குக் கோடு போனது, பிறகு நெடுங்கோடு. அம்மையார் உள்ளே வந்தபோது மூலை மழமழவென்று மினுங்கியது. அவர் கிட்டக் குனிந்து படம் எடுத்தார். இந்தச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை என்றார்.

இமெல்டா தட்டோடு வாசலில் நின்றாள். அவள் கண் மூலைக்குப் போய் அங்கேயே நின்றது. பிறகு தட்டை ஒரு முக்காலியில் வைத்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுகிற மரியாதையான ஜேர்மனில் கேட்டாள்.

"உங்களுக்குச் சீனி போடட்டுமா, மாஸ்டர் யூசுப்?"

"போடு, போடு" என்றார் அம்மையார். "அவர்கள் நாட்டில் நிறையச் சீனி போட்டுத்தான் குடிப்பார்கள்."

இமெல்டா மூன்று கரண்டி போட்டாள். நன்றாகக் கரையும்வரை கலக்கி அவன் கையில் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே முழுவதையும் குடித்தான்.