கோட்டுக்கு மட்டும்தான் விலை

நான் கார் வாங்கியதிலிருந்து எங்கள் ஊரில் சில ரோடுகள் குறைந்துவிட்டன. யாரும் புகார் கொடுக்கவில்லை. பஸ்களை வேறு வழியில் விட்டார்கள். அந்த வழியும் போன பிறகு பஸ்கள் நின்ற இடத்திலேயே நின்று ஆட்களை ஏற்றி இறக்குகின்றன. டிக்கெட் விலையில் மாற்றம் இல்லை.

கார் ஸ்பெஷல் எடிஷன். கறுப்பு. மூக்கிலிருந்து வால்வரை சிவப்பில் ஒரு கோடு.

பல்லடத்தில் எனக்கு ஒரு தறிக்கூடம் இருந்தது. அதை விற்றுத்தான் வாங்கினேன். தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான். தறிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு வீட்டில் காது அடைத்ததுபோல ஆகிவிட்டது. சோறு மெல்லுவது எனக்கே கேட்டது. பெரிய சத்தம் ஒன்று வேண்டியிருந்தது.

ஷோரூமுக்கு என் மனைவி கோதையும் வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனோம். நாங்கள் நடக்க நடக்க வண்டி பின்னால் போய்க்கொண்டே இருந்தது. விற்பனையைப் பார்த்துக்கொண்ட பையன் பெயர் யுகேந்திரன். அவன் கையைத் தட்டியதும் வண்டி நின்றது.

ஸ்டார்ட் செய்து காட்டினான். என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

"விலை என்னங்க?" என்றேன்.

யுகேந்திரன் சொல்ல ஆரம்பித்தான். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தான். மீதியை மேனேஜர் வந்து சொல்லி முடித்தார்.

"பக்கத்துல நிக்கறதும் இதே வண்டிதானுங்களே?" என்றாள் கோதை.

"அது சாதா எடிஷனுங்க மேடம்."

"என்ஜின்?"

"ஒண்ணுதானுங்க."

"சீட்டு?"

"ஒண்ணுதானுங்க."

"அப்புறம் இதுல என்ன இருக்குது?"

"கோடுங்க."

"ஒரு கோட்டுக்கா இத்தன விலை?"

"கோட்டுக்கு மட்டும்தானுங்க விலை. வண்டி இனாம்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது.

கோதைக்குப் படவில்லை. "மைலேஜ் எவ்ளோங்க குடுக்கும்?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் புது வண்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மாலையைக் கழற்றியது. மேனேஜர் தலைகுனிந்தபடி வெளியே போனார்.

"இந்த வண்டிகிட்ட அதக் கேக்கக் கூடாதுங்க மேடம்" என்றான் யுகேந்திரன்.

"ஏன், பெட்ரோல் நெறையக் குடிக்குமா?"

"பெட்ரோல் தொடாதுங்க. ரோட்டக் குடிக்கும்."

"வெளங்கலீங்க."

"சார் ஒருக்கா போன ரோட்டுல அப்புறம் யாரும் போக முடியாதுங்க. அதுதான் ஸ்பெஷல். சாதா எடிஷன் போற ரோட்டுல தக்காளி லாரியும்தானே போகுது?"

"அந்த ரோட்டுல இருக்கற சனம்?"

"பின்னால பாக்கற கண்ணாடிக்குள்ள இருப்பாங்க மேடம். பத்திரமா இருப்பாங்க."

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் ஏற்றினேன். பழம் நசுங்கவில்லை. உருண்டு ஒதுங்கிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். கோதை பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

முதலில் எங்கள் தெரு தீர்ந்தது. எதிர்வீட்டுச் சென்னியப்பனின் வாசல் நகர்ந்து வந்து எங்கள் வாசலோடு ஒட்டிக்கொண்டது. இப்போது அவர் கதவைத் திறந்தால் எங்கள் கதவும் திறக்கிறது. காருக்கு மட்டும் எப்படியோ வழி இருந்தது.

"குடுத்த காசுக்குத் தகுமுங்களா?" என்று சென்னியப்பன் கேட்டார்.

ஸ்டார்ட் செய்து காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"தகும்" என்றார். பிறகு, "எங்கூட்டுல மாவரைக்கப் போனவ இன்னும் வரலீங்க" என்றார்.

காரின் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் எங்கள் தெரு முழுசாக இருந்தது. அவருடைய மனைவி போசி நிறைய மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார்.

"வந்துட்டே இருக்கறாங்க" என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. மூன்று நாளாக அடுப்பில் தண்ணீர் வைத்துக் காத்திருக்கிறார்.

அடுத்து தடாகம் ரோடு. அப்புறம் சிறுவாணி ரோடு. அப்புறம் திருச்சி ரோட்டில் பாதி. கண்ணாடியில் கூட்டம் சேர்ந்தது. யாரும் சத்தம் போடவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தபடி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். எவ்வளவு நடந்தும் யாரும் பெரிதாகவில்லை. நான் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பி வைத்தேன். அப்போது வானம் தெரிந்தது. சிறிது நேரத்தில் அதன் கீழ்விளிம்பில் தலைகள் தெரிந்தன.

கோதைக்குப் பொள்ளாச்சியில் அக்கா வீடு. அங்கே போகக் கிளம்பினாள்.

"பஸ்ல போயிட்டு நாளைக்குப் பஸ்லயே வந்தர்றேன். அதுவரைக்கும் பொள்ளாச்சி ரோட்டத் தொடாதீங்க."

"தொடமாட்டேன்."

"எம்மேல சத்தியமா?"

"கோட்டு மேல சத்தியமா" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானம் சகலை கிட்டுசாமி போன் செய்தார். கோதையின் அக்கா வீட்டுக்காரர். தேங்காய் மண்டி வைத்திருக்கிறார்.

"ஏனுங் சகலை, கோடு போட்ட வண்டியாமா?"

"ஆமாங்."

"என்ற டவுசர்லகூடத்தான் கோடு இருக்குது. அதுக்கென்ன தருவீங்க?"

"நேர்ல பாத்தாத் தெரியும்."

"எங்க பாக்கறது? நீங்க போட்டோவத்தான காட்டிட்டிருக்கறீங்க. பொண்டாட்டியப் பஸ்ல அனுப்பற ஆளு, அந்த வண்டிய எதுக்குங் வெச்சிருக்கறீங்க? துணி காயப் போடவா?"

அவர் சிரித்து முடிப்பதற்குள் நான் பொள்ளாச்சி ரோட்டில் உக்கடத்தைத் தாண்டியிருந்தேன்.

வண்டி நன்றாகப் போனது. கிணத்துக்கடவுக்கு முன்னால் எதிரில் ஒரு பஸ் வந்தது. ஜன்னலோரம் கோதை உட்கார்ந்திருந்தாள். தூரத்திலேயே கோட்டைப் பார்த்துவிட்டாள். கையை வெளியே நீட்டி ஆட்டினாள். நிறுத்தச் சொல்கிறாள் என்று தெரிந்தது. அப்போதுதான் என்ஜின் சூடேறிச் சத்தம் சீராகியிருந்தது. இந்த நேரத்தில் யாரும் பிரேக்கை மிதிக்கமாட்டார்கள்.

பஸ் என்னைக் கடந்து போனது. பிறகு அது கண்ணாடியில் இருந்தது.

பொள்ளாச்சியில் சகலை வண்டியைச் சுற்றி வந்தார். பானெட்டைத் தேங்காய் போலத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியில் குனிந்தார்.

"கோதை இப்பத்தானே பஸ் ஏறுனா. இதுக்குள்ள என்ன பண்றா?"

"வந்துட்டிருக்கறா."

"இல்லீங் சகலை. போயிட்டிருக்கறா."

சொல்லிவிட்டு எனக்கு இளநீர் வெட்டப் போனார். போன் அடித்தது. கோதை.

"எங்க இருக்கீங்க?"

"பொள்ளாச்சி."

"பஸ் ஓடிட்டே இருக்குது. கிணத்துக்கடவு வருது, போகுது, மறுபடியும் கிணத்துக்கடவு வருது. எல்லாரும் எறங்கறதுக்குப் பையத் தூக்கிட்டு நிக்கறாங்க. கண்டக்டரு மட்டும் அழுதுட்டிருக்கறாரு."

"உனக்கு உக்கார எடம் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"உக்காந்துக்க."

சகலை வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தேன். நடுவில் இருந்த ரோடு தீர்ந்துவிட்டதால் ஷோரூமின் நடைவழி அங்கே வந்து முடிந்திருந்தது. யுகேந்திரன் கைகட்டி நின்றுகொண்டிருந்தான்.

"வண்டியத் திருப்பி எடுத்துக்குங்க" என்றேன்.

"சந்தோசமா எடுத்துக்குவோமுங்க. இப்ப நீங்க குடுத்ததவிட மேலயே போகும். கண்ணாடில ஆள் நெறஞ்ச வண்டிக்கு மதிப்பு ஜாஸ்திங்க. பஸ்ஸு வேற இருக்குது."

"எம் பொண்டாட்டி இருக்கறா."

"பாத்தனுங்க. ஜன்னலோரம். நல்லா அமைஞ்சிருக்குதுங்க சார்."

"அவள எப்படி வெளிய எடுக்கறது?"

யுகேந்திரன் சலித்துக்கொண்டான். "ரிவர்ஸ்ல போகணுமுங்க. குடிச்ச ரோடெல்லாம் வெளிய வந்துரும். ஆளுங்களும் வந்துருவாங்க. ஆனா கோடு போயிரும் சார். கோடு போனா சத்தமும் போயிரும். அப்புறம் அது வெறும் வண்டி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல."

நான் போய் உட்கார்ந்து ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.

டயருக்கு அடியிலிருந்து ரோடு வெளியே வந்தது. ஈரமாக இருந்தது. புளியமரங்கள் இரண்டு பக்கமும் தட்டுத்தடுமாறி எழுந்து நின்றன. கண்ணாடியில் பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை தெரிந்தது. கையில் இருந்த வளையல் தெரிந்தது.

பானெட்டின் நுனியில் சிவப்பு உரிந்து காற்றில் போனது. சத்தம் ஒரு பிடி இறங்கியது. இன்னும் கொஞ்சம் உரிந்தது. இன்னும் ஒரு பிடி இறங்கியது. அடியில் வேறு ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. எல்லா வண்டியிலும் இருக்கிற சத்தம்.

பிரேக்கை மிதித்தேன்.

போன் அடித்தது.

"கிட்ட வந்துட்டீங்க" என்றாள் கோதை. "உங்க பின் தல தெரியுது. ஏன் நின்னுட்டீங்க?"

"டிராஃபிக்."

"ரோட்டுல ஒருத்தருமே இல்லீங்களே."

என்ஜின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அவளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

"சத்தம் நல்லா இருக்குதுங்களா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

"நல்லா இருக்குது."

"அப்பச் சரிங்க."

ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் முதல் கியருக்கு மாற்றினேன். முன்னால் இதுவரை போகாத ஒரு ரோடு இருந்தது. அதில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.